புதன்கிழமைக்கு என்ன?

எங்கள் வீட்டில் வாரத்தில் ஆறு நாள் சமையலைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. புதன்கிழமைதான் வில்லங்கம்.

சிதம்பரத்தில் நான் வாழ்க்கைப்பட்டது முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடு. அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பார். திங்கள் சோமவாரம், அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு. செவ்வாயும் வெள்ளியும் வெங்காயம், பூண்டு கிடையாது. வியாழனுக்கு முதல் நாள் ராத்திரியே கொண்டைக்கடலை ஊறும். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்த் தலைமுழுக்கு, ஆகவே மிளகுக்குழம்பும் பருப்புத் துவையலும். ஞாயிறு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாவிட்டால் என் மாமனார் இலையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். இதற்கு நடுவே கிருத்திகை, சஷ்டி, அமாவாசை. அமாவாசையன்று வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் என்று நாட்டுக்காய்தான். கோஸும் பீன்ஸும் அன்றைக்குக் கூடையிலேயே கிடக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு நாளையும் யாராவது ஒரு சாமியோ கிரகமோ எடுத்துக்கொண்டுவிட, புதன் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது.

நான் பிறந்தது கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அம்மாவின் அடுப்படியில் காலண்டரே இல்லை. "இன்னிக்கு என்னம்மா கொழம்பு?" என்று கேட்டால், "கூடை வரட்டும்" என்பாள். கூடையில் சங்கரா வந்தால் குழம்பு, நெத்திலி வந்தால் வறுவல், சுறா வந்தால் புட்டு. புயல் சின்னம் உருவாகி, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் வீட்டில் கருவாட்டுப் பானையைத் திறப்பார்கள். எத்தனையாம் எண் கூண்டு என்பதை வைத்து எத்தனை நாளைக்குக் கருவாடு என்று சின்ன வயதிலேயே எனக்குக் கணக்குத் தெரியும்.

ஆக, இந்த வாரம் என்ன சமைப்பது என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட வழக்கம் இரண்டு வீட்டுக்குமே இல்லை. ஒருத்திக்குப் பஞ்சாங்கம் முடிவு செய்து கொடுத்தது, இன்னொருத்திக்குக் கடல். தாளை எடுத்துத் திட்டம் எழுதிய முதல் ஆள் நான்தான். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. வேலைக்குப் போனேன், அவ்வளவுதான்.

1988-ல் கல்யாணம். பள்ளிக்கூடம் கடலூரில், வீடு சிதம்பரத்தில். 45 கிலோமீட்டர் போக, 45 கிலோமீட்டர் வர. ஆறே முக்காலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்றால் ஐந்தரைக்குக் குழம்பு கொதித்தாக வேண்டும். ஐந்தரை மணித் தூக்கத்தில் பரணைப் பார்த்து நின்று என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அந்த வாரம் கிழித்த காலண்டர் தாள்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஏழு கோடு இழுத்து எழுதுவேன். எழுதியதை உப்பு ஜாடிக்குமேல் இருந்த ஆணியில் குத்திவைப்பேன். ஆறு கோடு தானாக நிரம்பிவிடும். புதனுக்கு வந்ததும் பேனா நிற்கும்.

புத்தகங்கள் பார்க்காமல் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அத்தையின் அலமாரியில் இருந்தது. 1951-ல் முதல் பாகம் வந்ததிலிருந்து எத்தனையோ கல்யாணப் பெண்களின் பெட்டியில் பயணப்பட்ட புத்தகம் அது. மோர்க்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் அதைத்தான் நம்பினேன். பிறகு பத்திரிகை இணைப்புகள் வந்தன. 'அவள் விகடன்' இணைப்பாக வந்த '30 வகை' புத்தகங்களைச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து அட்டை போட்டிருக்கிறேன். முப்பது வகை சட்னி, முப்பது வகை கூட்டு. ஆசையாகப் புரட்டுவேன். ஆனால் எனக்கு வேண்டியது முப்பது வகை இல்லை. ஒரே ஒரு வகை, புதன்கிழமை ஐந்தரை மணிக்கு, வீட்டில் இருக்கும் காயை வைத்து, மாமனாரும் இரண்டு பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் தின்கிற மாதிரி. பன்னீரும் குடமிளகாயும் வாங்க நான் எங்கே போவேன்?

என் புதன்கிழமைகள் பஸ்ஸில்தான் கிடைத்தன.

கடலூர் பஸ்ஸுக்கு ஒரு கிராமம் உண்டு. தினமும் அதே முகங்கள், அதே சீட்டு. ஆலப்பாக்கத்தில் ஏறுகிற நர்ஸ், புதுச்சத்திரத்தில் ஏறுகிற கிராம அலுவலக உதவியாளர், முட்லூரில் பரங்கிப்பேட்டை வண்டியிலிருந்து மாறி ஏறுகிற என் சக டீச்சர். சாயங்காலம் திரும்பும்போது கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் காலிக் கூடையோடு மீன்காரம்மாக்கள். ஒன்றேகால் மணி நேரம் என்ன பேசுவது? காலையில் என்ன செய்தாய், ராத்திரிக்கு என்ன செய்வாய். சம்பளமும் சாமியாரும் மாமியாரும் அதற்குப் பிறகுதான். அங்கே யாரும் அளவு சொல்ல மாட்டார்கள். கையைக் குவித்துக் காட்டுவார்கள். "இம்மாம் புளி", "கண் மட்டுக்கு உப்பு". கூட்டத்தில் தொங்கிக்கொண்டே ஒருத்தி உள்ளங்கையைக் காட்டினால் எனக்கு அது போதும்.

பரங்கிப்பேட்டைத் தோழி நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவாள். அவள் வீட்டுக் கஞ்சியில் கறி கொத்திப் போடுவார்கள். எனக்காகத் தனியாகக் கறியில்லாமல் ஒரு சொம்பு எடுத்துவைத்திருப்பாள். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். அத்தைக்குக் காய்ச்சல் கண்டு வாய் கசந்து கிடந்த ஒரு புதன்கிழமை அதைக் காய்ச்சிக் கொடுத்தேன். "எந்த ஊர் கஞ்சி இது?" என்றார். சொன்னேன். "ஒரு கரண்டி கொடு" என்று இரண்டாம் தரம் நீட்டினார். பிறகு வருஷம் முழுக்க மாதம் ஒரு புதன் அந்தக் கஞ்சிக்கு. தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல்.

வடலூர்க்காரர் ஒருவரின் மனைவி எங்கள் பஸ்ஸில் கொஞ்ச நாள் வந்தார். சன்மார்க்கக் குடும்பம். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் தைப்பூசத்துக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள். தூதுவளையையும் முசுமுசுக்கையையும் நான் அதுவரை மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். அவர்தான் தூதுவளையின் முள்ளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு நெய்யில் சுருட்டி எடுத்துத் துவையல் அரைக்கச் சொன்னார். கத்தரிக்கோல் என்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் புதுசு. முள்ளுக்குப் பயந்தே கொல்லையில் படர்ந்திருந்த கொடியை அதுவரை தொட்டதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுரங்கம் என் அம்மா வீடுதான். அதை எப்படிச் சிதம்பரத்துக்குக் கடத்துவது என்று புரிய எனக்கு நாலைந்து வருஷம் ஆனது. மீன் குழம்பில் மீனைத் தவிர்த்து மிச்சம் எல்லாம் சைவம்தானே? ஒரு புதன்கிழமை துணிந்து செய்தேன். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்க, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகப் போட்டு, அம்மா பக்குவத்தில் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, மீன் விழவேண்டிய நேரத்தில் கத்தரிக்காயும் வேகவைத்த பலாக்கொட்டையும். இறக்குவதற்கு முன் ஒட்டு மாங்காய் நாலு கீற்று. மணம் கூடத்துக்குப் போனதும் அத்தை எழுந்து வந்துவிட்டார். மூடியைத் திறந்து கரண்டியால் ஒருமுறை துழாவினார். எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை. "என்ன இது, பழைய ஊர் வாசனை அடிக்குது?" என்று மட்டும் கேட்டார். அவர் சொன்ன பழைய ஊர் என் ஊர்.

அடுத்து வாழைக்காய். தோலை முழுக்கச் சீவாமல், சாய்வாகத் தடித்த வில்லைகளாக அரிந்து, வஞ்சிரத்துக்குப் பூசுகிற அதே மசாலா: மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு விழுது, கெட்டிப் புளித்தண்ணீர், பிடிப்புக்கு ஒரு கை அரிசி மாவு. அரைமணி ஊறவைத்துத் தோசைக்கல்லில் போட்டு, அவசரப்படாமல் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் மசாலா கல்லில் தங்கிவிடும், வாழைக்காய் மட்டும் அம்மணமாக வரும். பிள்ளைகள் அதற்குக் கடலூர் வறுவல் என்று பேர் வைத்தார்கள். என் மாமனார் பேர் எதுவும் வைக்கவில்லை, ஐந்து வில்லை தின்றார்.

இது ஒருவழிப் பாதையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மீனும் எறாவும் புழங்குகிற வீட்டுக்குச் சிதம்பரம் அடுப்படியிலிருந்து என்ன வேண்டியிருக்கும்?

2001-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம். 2017-லிருந்து அதுவே ஜூன் 14 வரை 61 நாளாகிவிட்டது. சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்சம் யானை விலை. அறுபது வருஷமாகக் கூடையைப் பார்த்தே சமைத்த என் அம்மாவுக்கு ஒரேயடியாகக் கூடை வராமல் போனது. கருவாட்டுப் பானை மூன்றாம் வாரம் தரை தட்டியது. சென்னாக்கூனி போட்டு முருங்கைக்கீரை எத்தனை நாள்தான் வதக்குவது? பண்ருட்டிப் பலா வந்து குவிகிற நேரம் அது. பலாக்கொட்டையைச் சுட்டும் அவித்தும் பொரித்தும் பார்த்துவிட்டாள். ஒருநாள் பள்ளிக்கூடம் முடிந்து அவளைப் பார்க்கப் போனபோது, வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கேட்டாள்: "உங்க வூட்ல இத்தினி நாளும் என்னாடி திங்கிறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் டிபன் கேரியரில் சம்பா சாதமும் கொத்சும் கொண்டுபோனேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நடராஜர் கோயில் நைவேத்தியத்தோடு பேர் சேர்ந்த இணை இது. சம்பா சாதம் என்பது மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து நெய்யில் புரட்டிய சோறு, வேறு அலங்காரம் கிடையாது. அலங்காரம் எல்லாம் கொத்சில். பிஞ்சுக் கத்தரிக்காயைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் வதக்கி, அது குழைந்து தன் உருவம் மறந்த பிறகு மத்தால் மசித்து, புளிக்கரைசல் விட்டு, தனியா, கடலைப்பருப்பு, வரமிளகாய் வறுத்துப் பொடித்ததைத் தூவி, பெருங்காயம் மணக்க எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுவது. அத்தை எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கண்ணால்தான், வாயால் இல்லை. பொடியைப் போடும் நேரம் எது என்று கேட்டதற்கு, சட்டியிலிருந்து எழுந்த கொப்புளம் ஒன்று மெதுவாக உடைவதைக் காட்டி, "இந்தா, இது சோம்பேறியாகும்போது" என்றார். ராத்திரி மிஞ்சினால் மறுநாள் இட்லிக்கு. வாரத் திட்டம் போடுகிறவளுக்கு ஒரே அடுப்பில் இரண்டு வேளை முடிகிற இதைவிட வேறு வரம் ஏது?

அம்மா கேரியரை முகர்ந்தாள். சோற்றை விட்டுவிட்டுக் கொத்சை விரலால் தொட்டு நக்கினாள். கண்ணை மூடி யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவள் சொன்னதுதான் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. "ரெண்டு எறா போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

தடைக்காலம் முடிந்த முதல் வாரம் போட்டேவிட்டாள். வெள்ளை எறாவை உரித்து, மஞ்சள் தடவி, கொத்சு எண்ணெய் பிரிகிற நேரத்தில் உள்ளே தள்ளியிருக்கிறாள். எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைத்திருந்தாள். சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று எழுதினால் நடராஜர் மன்னிக்க மாட்டார், ஆனாலும் எழுதுகிறேன்: பிரமாதமாக இருந்தது. தெருவில் நாலு வீட்டுக்கு அந்தப் பக்குவம் பரவி, அதற்கு 'சிதம்பரத்தாள் தொக்கு' என்று பேராகிவிட்டது. சிதம்பரத்தாள் நான்தான்.

அத்தையிடம் மூச்சுவிடவில்லை. சாமிக்குப் படைக்கிற பண்டத்தில் எறா விழுந்த கதையை எந்த வாயால் சொல்வது? புதன்கிழமைத் தாளில் 'கொத்சு' என்று எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் கூசும். இப்படியே பத்து வருஷம் ஓடியது. இடையில் என்னென்னவோ நடந்தது. மாமனார் போனார், பெரியவள் கல்லூரிக்குப் போனாள், மார்கழித் திருவாதிரைக்குச் செய்கிற ஏழுகறிக் கூட்டைக் கூடையில் மிஞ்சிய காய்களை ஒழிக்கும் உபாயமாக மாற்றி மாதம் ஒருமுறை வைக்க ஆரம்பித்தேன். "திருவாதிரை வருஷத்துக்கு ஒரு நாள்தாங்க வரும், இந்த வீட்ல பன்னெண்டு வருது" என்று அத்தை வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெருமையா புகாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. சிதம்பரத்தில் எங்களுக்கு ஓடு பறந்தது, கொல்லை முருங்கை முறிந்தது, கரண்ட் போனது. அதோடு சரி. வடக்கே கடலூர்ப் பக்கம்தான் புரட்டிப்போட்டுவிட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன என்று வந்தவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்குப் போன் போகவில்லை. பஸ் இல்லை. சாலை முழுக்க மரம்.

மிக்ஸி ஓடாது, ஆகவே அம்மி. பரணில் கிடந்த அம்மிக் குழவியை இறக்கிக் கழுவி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நானும் அத்தையும் உட்கார்ந்தோம். அவருக்கு அப்போது வயது எழுபத்தேழு. கொத்சுப் பொடியைத்தான் பொடித்தோம், வீட்டில் கத்தரிக்காய் மட்டும் கிடந்ததால். நான் குழவியை உருட்டுகிறேன், அவர் ஓரத்தில் சிதறுவதைத் தள்ளிக் கொடுக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் தனியாவும் கடலைப்பருப்பும் நுணுக்கிக்கொண்டிருக்கிறேன். அத்தை ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்க அம்மாவுக்கு இது பிடிக்கும்னு சொன்னியே" என்றார்.

பத்து வருஷம் அடைத்துவைத்தது மொத்தமும் அப்போது வெளியே வந்துவிட்டது. எறா உரித்தது, மஞ்சள் தடவியது, தெருவே தின்றது, நான் தின்றது. சொல்லி முடித்துவிட்டுக் குழவியை நிறுத்தினேன். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. வெளியே இன்னும் காற்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "எறா இனிப்பா இருக்கும்னு சொல்வாங்களே?" என்றார்.

"ஆமாம் அத்தை."

"அப்ப புளியைக் குறைச்சிருக்கணுமே. குறைச்சாங்களா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன்.

"கேளு" என்று சொல்லிவிட்டு அம்மியை வழித்தார்.

மூன்றாம் நாள் ஒரு பஸ் கடலூர்வரை போகிறது என்று தெரிந்து ஏறினேன். முட்லூரிலிருந்து வழிநெடுக மின்கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. பஸ்ஸில் எங்கள் கிராமத்து முகங்களில் மூன்று பேர்தான் இருந்தார்கள், யாரும் என்ன சமைத்தாய் என்று கேட்கவில்லை. முதுநகரில் இறங்கி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் தெருவுக்குள் போனேன். வீட்டின் முன்பக்கத் தாழ்வாரம் இல்லை. அம்மா வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, சாய்ந்த வேம்பின் சுள்ளியை ஒடித்து அடுப்பு எரித்துக்கொண்டிருந்தாள். சட்டியில் கூனியும் கத்தரிக்காயும். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, நகர்ந்து உட்கார இடம் விட்டாள். அழுதேன். அவள் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டி, நகை, ஓடு, பக்கத்து வீட்டு ஆடு என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, அத்தை கேட்டதைக் கேட்டேன்.

அம்மா சட்டியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"கொறைக்காம?" என்றாள். "பாதிப் புளிதான். உங்க மாமியாகிட்ட சொல்லு, கடைசியில ஒரு கீத்து மாங்கா போட்டேன்னு. அதையும் சொல்லு."